குடை விரித்திருக்கும்வரை முப்பது

1. முதல் நாள் உடுப்பு

சர்வே இன்சார்ஜ் என்று முதல்முறையாக என்னைத் தனியே அனுப்பிய அன்று, நான் டிராஃபிக் போலீஸ்காரர் மாதிரி உடுத்திக்கொண்டு போனேன். வேண்டுமென்றே செய்யவில்லை. காக்கி பேன்ட்டில் அழுக்குத் தெரியாது, வெள்ளைச் சட்டையில் வெயில் உறைக்காது. இரண்டையும் ஒரே உடம்பில் மாட்டினால் என்ன ஆகும் என்று மட்டும் யோசிக்கவில்லை. கண்ணாடியில் பார்த்தபோது, "பரவாயில்லையே, ஒரு கம்பீரம் வந்துவிட்டதே" என்றுகூட நினைத்துக்கொண்டேன்.

இது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ஆழ்வார்பேட்டையில் ஒரு பல் டாக்டருக்கு மேல்மாடியில் எங்கள் ஆபீஸ். ரோடுகளில் சர்வே எடுத்து அரசுத் துறைகளுக்கு ரிப்போர்ட் எழுதிக் கொடுப்பது தொழில். கீழே நோயாளிகளின் அலறல், மேலே டைப்ரைட்டரின் அலறல். முதலாளி வைதேகி மேடம், மயிலாப்பூர்க்காரர். அரசாங்க இன்ஜினியர் வேலையை விட்டுவிட்டு வந்து இதை ஆரம்பித்தவர். ஆபீஸ் வேனை ஓட்டுபவர் மீர்சாகிப்பேட்டை கரீம் பாய். பிறகு நான், குமரேசன். படிப்பு சிவில் டிப்ளமா, சுபாவம் பயந்தாங்கொள்ளி.

கேளம்பாக்கம் தாண்டி ஒரு கிராமம். பெயர் வேண்டாம். ஊரை நடுவில் வகுந்துகொண்டு ஒரு ரோடு போகிறது. ரோட்டுக்கு ஒரு பக்கம் முனுசாமியின் வீடும் இட்லிக் கடையும், எதிர்ப்பக்கம் அடிபம்பு. முந்தின வருடம் குடத்தோடு ரோட்டைக் கடந்த முனுசாமியை ஒரு வேன் அடித்துப் போட்டுவிட்டது. உயிர் தப்பியது. வலது கால் மட்டும் அதற்குப் பிறகு சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. "பம்பை இந்தப் பக்கம் மாற்றுங்கள், வண்டிகளை அடக்க ஏதாவது செய்யுங்கள்" என்று ஊர்க்காரர்கள் மனு கொடுத்தார்கள். ரோட்டுக்குப் பொறுப்பான அலுவலகம் ஊருக்கு வெளியே, வயல் நடுவில், இரண்டு முனையிலும் '30' என்று வேக வரம்பு போர்டு நட்டது.

போர்டு நடுவதற்கு முன்னால் வண்டிகள் என்ன வேகத்தில் போயின என்று மேடம் ஏற்கெனவே அளந்திருந்தார். நட்ட பிறகு என்ன வேகம் என்று அளப்பது என் வேலை. வேகம் குறைந்திருந்தால் "போர்டே போதும்" என்று மனுவை மூடிவிடுவார்கள். குறையவில்லையென்றால் வேறு ஏதாவது செய்தாக வேண்டும். இவ்வளவும் என் ஸ்டாப் வாட்ச்சில் இருந்தது.

அப்போது ரேடார் கன் எல்லாம் எங்கள் ஆபீஸ் கனவில்கூடக் கிடையாது. ரோட்டின் குறுக்கே ஐம்பது மீட்டர் இடைவெளியில் இரண்டு சுண்ணாம்புக் கோடு. அதற்குப் பெயர் ட்ராப். முதல் கோட்டை முன்சக்கரம் தொட்டதும் கரீம் பாய் துண்டைக் கீழே இறக்குவார், நான் வாட்ச்சை அமுக்குவேன். இரண்டாவது கோட்டைத் தொட்டதும் மறுபடி அமுக்கி, வண்டியின் வகையையும் விநாடியையும் டேட்டா ஷீட்டில் எழுதுவேன். வேகத்தை ஆபீஸில் கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

கறுப்புக் குடையை விரித்துக்கொண்டு ரோட்டோரமாக நின்றேன். அருமையான ஜனங்கள்! எல்லா வண்டியும் மெதுவாக, மரியாதையாகப் போயின. எதிரும் புதிருமாகப் போன லாரிகள் ஒன்றுக்கொன்று ஹெட்லைட்டைப் போட்டுப் போட்டு அணைத்தன. கிராமத்துப் பண்பாடு என்று நினைத்து நானும் கையசைத்தேன்.

பதினொரு மணிக்கு ஒரு லாரி ஓரங்கட்டியது. டிரைவர் குதித்து இறங்கி, பிளாஸ்டிக் உறை போட்ட காகிதக் கட்டோடு என்னிடம் ஓடி வந்தார்.

"எல்லாம் கரெக்டா கீது சார். ஆர்.சி. புக்கு, லைசென்சு... இன்சூரன்சு மட்டும் சீட்டுக்கு அடியில கீது, எடுத்தாரட்டா?"

எனக்கு வேர்த்துவிட்டது. "ஐயோ, எனக்கு எதுக்குங்க அதெல்லாம்? போங்க, போங்க!"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். எதையும் எதிர்பார்க்காத ஒரு அதிகாரியை வாழ்க்கையில் முதல்முறை சந்தித்த நெகிழ்ச்சி அந்த முகத்தில். விறைப்பாக ஒரு சல்யூட் அடித்துவிட்டு, மாட்டு வண்டியைவிட மெதுவாக லாரியை ஓட்டிக்கொண்டு போனார். அந்த வேகத்தையும் ஷீட்டில் எழுதிக்கொண்டேன்.

மதியம் முனுசாமியின் மனைவி கன்னியம்மா இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாகக் குடங்களோடு ரோட்டைக் கடந்து வந்தார். என் எதிரே நின்று மூச்சு வாங்கினார்.

"நீ தினம் இங்கயே நில்லு சார். இன்னிக்குதான் குடத்துத் தண்ணி சிந்தாம வூடு வந்து சேருது."

பாராட்டுகிறார் என்று நினைத்துப் பல்லைக் காட்டினேன்.

"அந்த பம்ப இப்பால வெச்சிக் குடுக்கச் சொல்லு சார். புண்ணியமாப் போவும்."

"எல்லாம் ரிப்போர்ட்ல எழுதறோம்மா" என்றேன். எங்கள் தொழிலில் இதற்கு அர்த்தம், எழுத மாட்டோம் என்பது.

2. கையெழுத்து

லாரி டிரைவரின் சல்யூட்டை ஆபீஸில் இரண்டு நாள் நடித்துக் காட்டினேன். டைப்பிஸ்ட் அம்மாள் கண்ணில் நீர் வரச் சிரித்தார். கீழே இருந்து பல் டாக்டரின் கம்பவுண்டர்கூட மேலே வந்து பார்த்துவிட்டுப் போனார். ஒருவருக்கும் உறைக்கவில்லை. எனக்கு உறைத்திருக்க வேண்டும். நான் கைதட்டலில் மூழ்கியிருந்தேன்.

கணக்குப் போட்டதில் வேகம் தடாலென்று விழுந்திருந்தது. மேடம் அப்போது வேறொரு வேலையாகக் கோயம்புத்தூர் போயிருந்தார். போனில், "நன்னா வந்திருக்கா? சரி, டைப் அடிக்கக் குடு. நான் வந்து பாத்துக்கறேன்" என்றார். "வரம்பைக் குறைத்ததால் சாலை பாதுகாப்பாகியுள்ளது. மேற்கொண்டு நடவடிக்கை தேவையில்லை" என்று முடித்து, "தயாரித்தவர்" என்ற இடத்தில் முழுப் பெயரையும் போட்டுக் கையெழுத்திட்டேன். கையெழுத்துக்குக் கீழே இரண்டு புள்ளி. அந்தப் புள்ளிகளை வைக்கும்போது இருந்த திமிரை நினைத்தால் இன்றைக்கும் காது சுடுகிறது.

3. கரீம் பாயின் கேள்வி

அளவு டேப்பை இட்லிக் கடையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன். ரிப்போர்ட் போய்ச் சேருவதற்கு ஒரு வாரம் இருக்கும்போது, டேப்பை எடுத்து வரக் கரீம் பாயோடு கிளம்பினேன். சர்வே இல்லாத நாள், அதனால் கோடு போட்ட டீ ஷர்ட். அடையாறு தாண்டி, பட்டணம் தாண்டி, வயல் வந்தது. '30' போர்டும் வந்தது. வேன் அறுபதில் போய்க்கொண்டிருந்தது.

"பாய்! முப்பது, முப்பது!"

"இன்னாத்துக்கு?"

"போர்டு இருக்கு பாய்."

"போர்டுதான கீது? யாரு நிக்கிறா?"

"யாரும் நிக்கல. ஆனா நம்மளே மெதுவா போலன்னா..."

"நைனா, சுத்தி வயக்காடு. ஒரு ஆடு இல்ல, மாடு இல்ல. இங்க முப்பதுல போனா பின்னாடி வர்றவன் என் குடும்பத்தையே இஸ்து வெச்சித் திட்டுவான்." அவர் பேசி முடிப்பதற்குள் ஒரு வேன் எங்களை ஓவர்டேக் செய்தது. அதை ஒரு லாரி ஓவர்டேக் செய்தது. ஒருவரும் ஹெட்லைட் போட்டு யாரையும் வாழ்த்தவில்லை.

"அப்ப அன்னிக்கு மட்டும் ஏன் பாய் எல்லாரும் மெதுவா போனாங்க?"

கரீம் பாய் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். சிரிப்பை அடக்கியதில் ஸ்டியரிங் ஆடியது. "உன்னிய போலீஸ்னு நெனச்சிதான். லைட்டு போட்டு ஒருத்தனுக்கு ஒருத்தன் சொல்லிக்கினானுங்க. இன்னா போ நீ! நா அன்னிக்கே நெனச்சேன், தெரிஞ்சே வேசம் போட்டுக்கினு வந்துருக்கேன்னு."

"சொல்லக் கூடாதா பாய்?"

"இன்ஜினியருங்க வேலைல டிரைவர் பூந்து பேசுனா நல்லாவா இருக்கும்?"

டேப்பை வாங்கக் கடைக்குள் நுழைந்தபோது முனுசாமி பெஞ்சில் காலை நீட்டிக்கொண்டு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். "உக்காரு சார், ஏன் மூஞ்சி வெளுத்துக் கீது?" என்றார். ரோட்டைக் கடக்கக் கன்னியம்மா எதிர்ப்பக்கம் குடத்தோடு நின்றுகொண்டிருந்தார். நின்றார். நின்றார். நான் ஒரு டம்ளர் தண்ணீரைக் குடித்து முடித்தும் நின்றுகொண்டிருந்தார். அந்தத் தண்ணீரும் அவர் கொண்டு வந்ததுதான்.

4. மயிலாப்பூரில் ஒரு வாக்குமூலம்

மறுநாள் காலை மேடத்தின் வீட்டுக்கே போனேன். வடக்கு மாட வீதி வரை என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டு போனதில், அவர் தெருவைத் தாண்டிப் போய், திரும்பி, மறுபடி தாண்டினேன். இளநீர்க்காரர், "இன்னா சார், ரவுண்ட்சா?" என்றார். அவருமா!

மேடம் கதவைத் திறந்தார். "என்னடா இது, கார்த்தாலயே? ஆத்துல எல்லாரும் சௌக்கியம்தானே? உள்ளே வா."

காபி வந்தது. மூச்சு விடாமல் எல்லாவற்றையும் கொட்டினேன். காக்கி பேன்ட், வெள்ளைச் சட்டை, குடை, ஹெட்லைட், சல்யூட். மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டினார்.

"அப்போ நீ போர்டை அளக்கலை. உன்னை அளந்துண்டு வந்திருக்கே."

"ஆமாம் மேடம்."

"நான் அன்னிக்கு எங்கே உக்காண்டு எடுத்தேன் தெரியுமோ? கார்ல, கண்ணாடியை ஏத்திண்டு. உனக்கு அதைச் சொல்லாம விட்டது என் தப்பு. கேக்காம போனது உன் தப்பு. ரெண்டு பேருமா சேர்ந்து அந்தப் பொம்மனாட்டியை ரோட்டுல நிக்க வெச்சிருக்கோம்."

வேலை போய்விடும் என்று பயந்துகொண்டு போயிருந்தேன். அவர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. எனக்கு அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

"இன்னும் நாள் இருக்கு. திருப்பி எடு. சட்டையை மாத்திண்டு போ" என்றார்.

5. பெஞ்சு

இந்த முறை ஏற்பாடு இப்படி. நான் லுங்கியும் டீ ஷர்ட்டுமாக இட்லிக் கடை பெஞ்சில், தினத்தாளை விரித்து அதற்குள் வாட்ச்சை ஒளித்துக்கொண்டு. கரீம் பாய் முதல் கோட்டுக்கு அருகில் வேனின் பானெட்டைத் திறந்து வைத்து, ரிப்பேர் மாதிரி நடித்துக்கொண்டு. வண்டி கோட்டைத் தொட்டால் தோளில் இருக்கும் துண்டு கீழே விழும்.

அந்த ஊர் மக்களின் நல்ல மனதை நாங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. அரை மணி நேரத்தில் கரீம் பாயைச் சுற்றி நான்கு பேர் உதவிக்கு வந்துவிட்டார்கள். "வண்டி நல்லாத்தான் கீதுப்பா" என்று கரீம் பாய் சொன்னதை அவர்கள் நம்பவில்லை. ஒருவர் ஸ்பேனரோடு வந்து கார்பரேட்டரைக் கழற்றியே விட்டார். கரீம் பாய் துண்டைப் போட்டுப் போட்டு எடுத்ததைப் பார்த்து, "வண்டி போச்சேன்னு பாயி ரொம்ப ஒடஞ்சி போயிட்டாரு" என்று ஒரு பெரியவர் சோடா வாங்கிக் கொடுத்தார்.

நான் இட்லி சாப்பிட்டேன். சும்மா உட்கார்ந்தால் சந்தேகம் வரும் என்று தொடர்ந்து சாப்பிட்டேன். எண்ணிக்கையைச் சொல்ல மாட்டேன். "கெட்டிச் சட்னி ஊத்தவா?" என்று முனுசாமி நாலாவது முறை கேட்டபோது கண்ணில் நீர் முட்டியது.

ஆனால் ஷீட் வேறு கதை சொன்னது. பெரும்பாலான வண்டிகள் போர்டு நடுவதற்கு முன்பு போன அதே வேகத்தில்தான் போயின. சிலர் மட்டும், பஸ் டிரைவர், குடும்பத்தோடு போகும் கார்க்காரர் போன்றவர்கள், ஒழுங்காக முப்பதுக்கு இறங்கினார்கள். அவர்களுக்குப் பின்னால் வந்தவர்களுக்குப் பொறுமை போயிற்று. வயலில் ஆரம்பித்த பொறுமையின்மை சரியாக இட்லிக் கடை வரும்போது தீர்ந்து, அங்கேயே ஓவர்டேக் செய்தார்கள். முன்பு எல்லோரும் ஒரே வேகத்தில் போனார்கள். இப்போது இரண்டு வேகம். போர்டு ரோட்டை மெதுவாக்கவில்லை, இரண்டாக்கியிருந்தது.

இதெல்லாம் எனக்கு ஷீட்டைப் பார்த்துப் புரிந்தது என்று எழுதத்தான் ஆசை. புரிந்தது வேறு மாதிரி.

6. குடம்

மத்தியானம் வண்டிகள் குறைந்த நேரம். கன்னியம்மா குடங்களை எடுத்தார். காலையிலிருந்து அவர் ரோட்டைக் கடப்பதை ஷீட்டின் பின்பக்கம் சும்மா கோடு கிழித்து எண்ணிக்கொண்டே வந்தேன். பதினாறு கோடு ஆகியிருந்தது. இட்லிகளின் குற்ற உணர்வு வேறு. "ஒரு குடம் நான் எடுத்தாறேன்மா" என்று எழுந்தேன்.

"வாணாம் சார், நீ பட்ணத்து ஆளு" என்றார் கன்னியம்மா.

"ரோடுதான்மா எங்க தொழிலே" என்றேன்.

தண்ணீர் அடித்துக்கொண்டு திரும்பினோம். பச்சைப் பிளாஸ்டிக் குடம் என் தோளில். மற்றொரு கையில் பழக்கதோஷத்தில் ஸ்டாப் வாட்ச். தூரத்தில் ஒரு பஸ் வந்தது. மெதுவாக, ஒழுங்காக, முப்பதில். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. நேரம் இருக்கிறது என்று கணக்குப் போட்டு இறங்கி நடந்தேன். "சார், இரு!" என்று கன்னியம்மா கத்தியது கேட்டது. அதற்குள் பாதி ரோடு வந்துவிட்டேன்.

பஸ்ஸின் பின்னாலிருந்து ஒரு லாரி வெளியே வந்தது.

ஓடு என்றது ஒரு கால், திரும்பு என்றது மற்றது. இரண்டும் ஒரு முடிவுக்கு வராததால் நடுக்கோட்டில் நின்றேன். வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அது தமிழில்லை. குடத்துத் தண்ணீர் தலையில் கொட்டி முதுகு வழியாக இறங்கியது. பிறகு டீ ஷர்ட்டின் கழுத்தைப் பிடித்து யாரோ பின்னால் இழுத்தார்கள். நான் ஓரத்து மண்ணில் உட்கார்ந்திருந்தேன். பச்சைக் குடம் ரோட்டில் அப்பளமாக இருந்தது.

"நடுவுல நிக்கக் கூடாது சார்!" கன்னியம்மா டீ ஷர்ட்டின் கழுத்தை இன்னும் விடவில்லை. "ஒண்ணு வா, இல்ல போ. எங்க வூட்டு ஆளும் அன்னிக்கு இப்பிடித்தான் நின்னுச்சி."

எதிர்ப்பக்கம் முனுசாமி கடை வாசலுக்கு வந்து கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். கையில் உரித்த வெங்காயம் அப்படியே இருந்தது. அவரால் இறங்கி வர முடியாது. இந்தப் பக்கம் யார் விழுந்தது என்று கண்ணால் தேடினார். அந்த முகத்தை நான் பார்த்தேன். தினமும் பதினாறு முறை, இருபது முறை அந்த முகத்தோடுதான் அவர் வெங்காயம் உரிக்கிறார் என்று அப்போதுதான் தெரிந்தது.

கையைப் பார்த்தேன். எப்போதோ வாட்ச்சை அமுக்கியிருக்கிறேன், எப்போதோ நிறுத்தியிருக்கிறேன். பதினொரு விநாடி. அதையும் ஷீட்டில் எழுதினேன். ஏன் எழுதினேன் என்று தெரியாது. எழுதுவது ஒன்றுதான் எனக்குத் தெரிந்த வேலை.

7. கட்டம் இல்லாத ஆள்

நந்தனம் பக்கம் ஒரு அரசு அலுவலகத்தில் மீட்டிங். பெரிய இன்ஜினியர் நடுவில், அவருடைய ஆட்கள் இரண்டு பக்கமும். மேடம் முதல் ரிப்போர்ட்டையும் மறைக்காமல் எடுத்து வைத்து, அது தப்பு என்று சொல்லிப் புதியதை வைத்தார். நான் தண்ணீர் கிளாஸை இரண்டு கையாலும் பிடித்திருந்தேன்.

"முதல் ரிப்போர்ட்ல கையெழுத்து யாரு?" என்றார் பெரிய இன்ஜினியர்.

"நான்தான் சார்."

"இதுல?"

"இதுலயும் நான்தான் சார்."

"ரெண்டுல எந்த ஆள நம்பறது?"

"டீ ஷர்ட் போட்ட ஆளை நம்பலாம் சார்."

யாரோ சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. ஷீட்டைப் புரட்டினார். "இது என்ன? ஒரு வரியில பதினொரு செகண்ட் போட்டிருக்கு. வண்டி டைப் எழுதலை."

"மாட்டு வண்டியா இருக்கும் சார்" என்றார் பக்கத்தில் இருந்தவர்.

"இல்லை சார்," என்றேன். "அது வண்டி இல்லை. நான்."

நடந்ததைச் சொன்னேன். குடம், பஸ், லாரி, கன்னியம்மா. சிரிக்கவைக்கிற மாதிரிதான் சொல்ல ஆரம்பித்தேன். முனுசாமி வாசலில் வந்து நின்ற இடத்தில் சிரிக்கவைக்க எதுவும் இருக்கவில்லை. ஷீட்டின் பின்பக்கத்துக் கோடுகளைத் திருப்பிக் காட்டினேன்.

"இது ஏன் பின்பக்கம் இருக்கு?" என்றார் அவர்.

"முன்பக்கம் கட்டம் இல்லை சார். கார், பஸ், லாரி, டூ வீலர், மாட்டு வண்டின்னுதான் இருக்கு. நடக்கிறவங்களுக்கு இல்லை."

அவர் கோடுகளை விரலால் எண்ணினார். "ஒரு பம்பை இந்தப் பக்கம் வைக்கிறதுக்கு எதுக்குங்க ரெண்டு சர்வே?"

"நீங்கதானே சார் போர்டு போதுமான்னு கேட்டேள்?" என்றார் மேடம், மெல்லிய குரலில். "பம்பைப் பத்தி யாரும் எங்களைக் கேக்கலையே. நாங்களும் கேக்கலை."

வயலில் இருந்த போர்டுகளைப் பிடுங்கி, முதல் வீட்டுக்கும் கடைசி வீட்டுக்கும் இடையில் மட்டும் வேக வரம்பு என்று மாற்றினார்கள். இரண்டு முனையிலும் வெள்ளைக் கோடு போட்ட ஸ்பீட் பிரேக்கர் வந்தது. பம்புக்கு ஒரு மழைக்காலம் முழுக்கக் கடிதம் எழுத வேண்டியிருந்தது.

வேக வரம்பைக் குறைத்தால் ரோடு பாதுகாப்பாகுமா என்று, புதிதாகச் சர்வே வேலைக்கு வந்திருக்கும் நீங்கள் கேட்டீர்களே, இப்போது அந்தக் கேள்விக்கு வருகிறேன். வேகம் குறைந்தால் உயிர் பிழைக்கும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை, நடு ரோட்டில் நின்று பார்த்தவன் நான். ஆனால் போர்டில் எண்ணைக் குறைப்பது வேறு, வண்டியின் வேகத்தைக் குறைப்பது வேறு. ஏன் மெதுவாகப் போக வேண்டும் என்பது டிரைவரின் கண்ணுக்குத் தெரிய வேண்டும். தெரியாத இடத்தில் போர்டு வைத்தால் நல்லவன் மட்டும் கட்டுப்படுவான், மற்றவன் அவனைத் தாண்டுவான். நீங்கள் சர்வேக்குப் போனால், வாட்ச்சை எடுப்பதற்கு முன்னால் ரோட்டைக் கடக்கிறவரோடு ஒருமுறை நீங்களும் கடந்து பாருங்கள். காலி குடத்தோடு வேண்டாம், நிறைகுடத்தோடு.

பம்பு வந்த பிறகு கரீம் பாயும் நானும் ஒருமுறை அந்த வழியாகப் போனோம். கடையை ஒட்டிப் புதுப் பம்பு. முனுசாமி ஊன்றுகோலைச் சுவரில் சாத்திவிட்டு, இடது காலில் நின்று அடித்துக்கொண்டிருந்தார். குடம் நிறைந்து தண்ணீர் வாசலெல்லாம் ஓடியது.

"யோவ், போதும்யா, வழியுது பாரு!" என்று உள்ளேயிருந்து கன்னியம்மா கத்தினார்.

"வழியட்டும் வுடு" என்று அவர் அடித்துக்கொண்டே இருந்தார்.